கடையில் ஒரு லேசர் பிரிண்டர், மூன்று சிஸ்டம்: நெட்வொர்க்கில் போட்டு நிலையாக ஓடவைப்பது எப்படி?

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது:

"அண்ணே, கடையில் மூன்று சிஸ்டம் இருக்கிறது. டிசைன் வேலைக்கு விண்டோஸ் 11 போட்ட வொர்க்ஸ்டேஷன், பில்லுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் இன்னொரு விண்டோஸ் சிஸ்டம், பழைய சிஸ்டம் ஒன்றில் உபுண்டு லினக்ஸ். நெட்வொர்க் வசதி உள்ள லேசர் பிரிண்டர் புதிதாக வாங்கி வைஃபையில் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கரண்ட் போய் வந்தாலே 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் ஓடும், கொஞ்ச நாளில் மறுபடியும் நிற்கும். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு ஆதார், பாஸ்புக் நகல் எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இப்படி ஆனால் என்ன செய்வது? பேசாமல் யூஎஸ்பியில் ஒரு சிஸ்டத்தில் மாட்டி, மற்றதுக்கு ஷேர் பண்ணிவிடலாமா?"

ஷேர் பண்ண வேண்டாம் தம்பி. அந்த ஒரு சிஸ்டம் அணைந்திருக்கும் நேரமெல்லாம் மற்ற இரண்டிலும் பிரிண்ட் வராது. அதைவிடப் பெரிய தலைவலியும் உண்டு. 2021 ஜூலையில் அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அதையொட்டி அந்த வருஷம் வந்த அப்டேட்கள் ஷேரிங் விதிகளை நன்றாக இறுக்கிவிட்டன. ஆகஸ்டிலிருந்து, ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை இறக்கவே அட்மின் அனுமதி வேண்டும். செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு சிஸ்டம் அப்டேட் ஆகி இன்னொன்று ஆகாமல் கிடந்தால் '11பி' என்று முடியும் பிழை எண் வந்து நிற்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்த ஒரு வரி, அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்து வைக்கிறது. ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக்கும் வந்துபோகிற சிஸ்டத்தில் அதைச் செய்யாதீர்கள்.

மூன்று சிஸ்டமும் நேராகப் பிரிண்டரோடு பேசட்டும். அதற்கு முதலில் அந்த 'ஆஃப்லைன்' ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும்.

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று மேக் முகவரி. தயாரிக்கும்போதே கருவியில் பதிந்து வருவது, இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி இருக்கும். இன்னொன்று ஐபி முகவரி, ரவுட்டர் அவ்வப்போது கொடுப்பது. படகின் நெற்றியில் எழுதிய பதிவெண் மாறாது, ஆனால் இன்றைக்கு இங்கே நங்கூரம் போட்ட படகு நாளைக்கு வேறு இடத்தில் நிற்கும் அல்லவா, அது மாதிரி. உங்கள் பிரிண்டர் முதல் நாள் 192.168.1.7 என்ற இடத்தில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதைக் குறித்துக்கொண்டது. கரண்ட் போய் வந்தபோது அந்த 7ஆம் எண்ணை யாரோ ஒருவருடைய போனுக்கு ரவுட்டர் கொடுத்துவிட்டது, பிரிண்டருக்கு 11 கிடைத்தது. விண்டோஸ் இன்னும் 7ஐயே தட்டிக்கொண்டிருக்கிறது. பதில் இல்லை, அதனால் ஆஃப்லைன். நீங்கள் அழித்துவிட்டுச் சேர்க்கும்போது புது எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த கரண்ட் கட் வரைக்கும் ஓடுகிறது.

நம் பக்கம் இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கரண்ட் திரும்பி வந்ததும் ரவுட்டரும் பிரிண்டரும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க ஓரிரு நிமிடம் பிடிக்கும். பிரிண்டர் அதற்கு முன்னாலேயே எழுந்து 'எனக்கு ஒரு எண் கொடு' என்று கேட்டுவிடும். பதில் சொல்ல ஆள் இல்லாததால் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். சில பிரிண்டர்கள் பிறகு திரும்பக் கேட்டு சரியாகிவிடும், சில அப்படியே உட்கார்ந்துவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே டிரைவரை மாற்றுவது, விண்டோஸை மறுபடி போடுவது எதுவும் வேண்டாம். பிரிண்டருக்கு மாறாத ஒரு முகவரி வேண்டும். மூன்று சிஸ்டமும் அந்த முகவரிக்கே அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதலில் பிரிண்டரிடமே ஒரு தாளை வாங்குங்கள். திரை உள்ள மாடல் என்றால் மெனுவில் ரிப்போர்ட்ஸ் என்ற இடத்தில் 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' பக்கம் இருக்கும். திரை இல்லாத சிறிய மாடலில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அச்சாகும், எந்தப் பட்டன் என்பது கூட வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை: ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க், கேட்வே, மேக் அல்லது ஹார்டுவேர் அட்ரஸ். ஐபி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பூஜ்ஜியமாகவோ 169.254 என்றோ இருந்தால் பிரிண்டர் ரவுட்டரோடு சேரவே இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சிஸ்டம் பக்கம் போவதில் பயன் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறு மேக் முகவரி. தாளில் இரண்டும் இருக்கலாம். நீங்கள் எந்த வழியாக இணைக்கிறீர்களோ அதற்குரியதைத்தான் எடுக்க வேண்டும். பல மாடல்களில் லேன் கேபிளைச் சொருகினால் வைஃபை தானாக அணைந்துவிடும். வைஃபையின் மேக்கை ரவுட்டரில் பதிந்துவிட்டுக் கேபிளில் ஓட்டினால் பதிந்தது வேலைக்கு ஆகாது.

இப்போது ரவுட்டருக்குள் போங்கள். பிரவுசரில் கேட்வே எண்ணை, அதாவது ரவுட்டரின் எண்ணை அடித்தால் உள்ளே போகும் பக்கம் வரும். கருவிகளுக்கு எண் கொடுக்கும் டிஹெச்சிபி என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் லீஸ்' அல்லது 'ஐபி மேக் பைண்டிங்' என்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அங்கே பிரிண்டரின் மேக்கையும் 192.168.1.200 போல நினைவில் நிற்கும் ஓர் எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். இனி அந்த எண்ணை ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காது.

சாதாரணமாக இது போதும். கரண்ட் அடிக்கடி போய் வரும் இடத்தில் நான் இன்னொன்றும் செய்வேன். பிரிண்டரின் மெனுவில் போய், ஐபியைத் தானாக வாங்குவதை நிறுத்தி, அதே 200ஐக் கையால் போட்டுவிடுவேன். மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரவுட்டரின் எண். இரண்டு இடத்திலும் ஒரே எண் இருப்பதால் ரவுட்டர் தாமதமாக எழுந்தாலும் பிரிண்டர் 169.254க்குப் போகாது, வேறு கருவியோடு மோதலும் வராது. இதில் ஒரு குறை உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் கம்பெனிக்காரர் வந்து ரவுட்டர் பெட்டியை மாற்றிவிட்டுப் போனால், புதுப் பெட்டியின் வரிசை 192.168.1க்குப் பதிலாக 192.168.29 என்றோ வேறு ஏதோவாகவோ இருக்கலாம். அன்றைக்குப் பிரிண்டர் தனியாக நின்றுவிடும். பதறாமல் மெனுவில் 'ஆட்டோ' என்று மாற்றி, புது வரிசையில் மறுபடி இதே வேலையைச் செய்ய வேண்டியதுதான். பெட்டி மாற்றிய நாளில் முதலில் கேட்வே எண்ணைப் பாருங்கள்.

முகவரி அமைந்ததும் வொர்க்ஸ்டேஷனில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அந்த எண்ணுக்குப் பிங் கொடுங்கள், கருவி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் பிங். பதில் வந்தால் அதே எண்ணைப் பிரவுசரில் அடியுங்கள். பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு பக்கம் திறக்கும். டோனர் எவ்வளவு மீதி, எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது எல்லாம் அதில் தெரியும். அங்கே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள்: அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லும் பழக்கம் இருந்தால், அந்தப் பக்கத்தை அவர்களும் திறக்க முடியும், பிரிண்ட்டும் அனுப்ப முடியும். ரவுட்டரில் 'கெஸ்ட்' நெட்வொர்க் ஒன்றைத் திறந்து வாடிக்கையாளருக்கு அதை மட்டும் கொடுங்கள்.

இனி விண்டோஸ். பிரிண்டர் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் நேரே அழிக்க வேண்டாம். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், உங்கள் பிரிண்டர், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய், அச்சு வேலை எந்த வழியாகப் பிரிண்டருக்குப் போகிறது என்று காட்டும் 'போர்ட்ஸ்' தாவலைத் திறந்து பாருங்கள். டிக் விழுந்திருக்கும் போர்ட் 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால், உங்கள் தொல்லைக்கு அதுவும் காரணம். டபிள்யூஎஸ்டி என்பது விண்டோஸ் நெட்வொர்க்கில் குரல் கொடுத்துப் பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை. சேர்ப்பது சுலபம், ஆனால் பிரிண்டர் தூங்கி எழுந்தாலோ ரவுட்டர் அந்தக் குரலைக் கடத்தாமல் விட்டாலோ ஆஃப்லைன் ஆகிவிடும். தானாகத் தேடிச் சேர்க்க விட்டால் விண்டோஸ் பல சமயம் இந்த வழியைத்தான் எடுக்கிறது.

அடுத்து 'அட்வான்ஸ்டு' தாவலில் டிரைவரின் பெயரைப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் மாடலும் இருந்தால், போர்ட்ஸ் தாவலுக்குத் திரும்பி 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்', 'நியூ போர்ட்' என்று போய் 192.168.1.200 என்று கொடுத்து முடியுங்கள். டிக் புது போர்ட்டுக்கு மாறிவிடும், வேலை முடிந்தது. பெயர் 'மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்று இருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது. அந்த டிரைவர் பேசும் பாஷை ஐபிபி, அதாவது இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால், அது வேறு, டிசிபி/ஐபி போர்ட்டில் பச்சையாகத் தள்ளும் பாஷை வேறு. அப்படியானால் பிரிண்டரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான முழு டிரைவரை இறக்கி வைத்துக்கொண்டு, 'ஆட் டிவைஸ்' கொடுங்கள். தேடி முடிக்கும்வரை விட்டால் கீழே 'ஆட் மேனுவலி' என்று வரும். அதில் ஐபி முகவரியால் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, கருவி வகை 'டிசிபி/ஐபி டிவைஸ்' என்று வைத்து, எண்ணைக் கொடுத்து, டிரைவரைத் தானே தேடும் டிக்கை எடுத்துவிட்டு, நீங்கள் இறக்கியதைக் காட்டுங்கள்.

பில் சிஸ்டத்தில் ஐபிபி டிரைவரே இருந்தாலும் நஷ்டம் இல்லை. வெறும் ஏ4 தாளுக்கு அது தாராளமாகப் போதும். தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் அறிவித்துவிட்டது, ஆகவே போகப் போக எல்லாரும் அந்தப் பக்கம்தான் வருவோம். ஆனால் டிசைன் வேலை நடக்கும் வொர்க்ஸ்டேஷனுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர்தான் சரி. தடித்த அட்டை, டிரே தேர்வு, டோனர் அடர்த்தி போன்ற நுணுக்கங்கள் அதில்தான் முழுதாகக் கிடைக்கும்.

டிசிபி/ஐபி போர்ட் போட்டும், பிங் வந்துகொண்டே இருந்தும், விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்று பிடிவாதம் பிடித்தால் ஓர் இடம் பாக்கி. போர்ட்ஸ் தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' திறந்தால் கீழே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸ் பிரிண்டரின் நலம் விசாரிக்கும் வழி அது. பிரிண்டரில் எஸ்என்எம்பி அணைந்திருந்தாலோ அதன் கம்யூனிட்டி பெயர் மாறியிருந்தாலோ பதில் வராது. பதில் வராததால் பிரிண்டரே இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். காகிதம் தீர்ந்தது போன்ற தகவல் திரையில் வருவது குறையலாம், கடையில் பிரிண்டர் கண்ணெதிரேதானே இருக்கிறது.

வரிசையில் ஒரு வேலை சிக்கி, அழித்தாலும் போகாமல் 'டிலீட்டிங்' என்றே நின்றால் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்க வேண்டாம். சர்வீசஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் அங்கே கிடக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்பத் தொடங்குங்கள்.

உபுண்டு சிஸ்டம்தான் இருப்பதிலேயே லேசு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததும், பழைய சிஸ்டங்களை உபுண்டுவுக்கு மாற்றிய கடைகளை நம் பக்கம் பார்க்கிறேன், நல்ல முடிவு அது. லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். பிரிண்டர் வந்த பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று எழுதியிருந்தால் தனி டிரைவரே தேவைப்படாது. ஐபோனுக்காக 2010இல் வந்த வசதி அது. அதே ஐபிபி வழியைத்தான் கப்ஸும் பயன்படுத்துகிறது. செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் திறந்தால் பெரும்பாலும் தானாகவே தெரியும். ஆனால் இங்கேயும் தேடிக் கிடைத்த பெயரை நம்பாமல் முகவரியால் சேர்ப்பதே நல்லது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு 631 சேர்த்தால் கப்ஸின் பக்கம் வரும். 'ஆட் பிரிண்டர்' போய், 'இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்' என்பதைத் தேர்ந்தெடுத்து, முகவரிப் பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐபிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 192.168.1.200, சாய்கோடு, ஐபிபி, சாய்கோடு, பிரிண்ட் என்று இடைவெளி இல்லாமல் கொடுங்கள். மாடல் கேட்கும்போது 'ஐபிபி எவ்ரிவேர்'. பிரிண்டர் கிடைக்காத நேரத்தில் வரிசை நின்றுவிடாமல் இருக்க, சேர்த்த பிறகு அதன் 'எரர் பாலிசி' என்ற இடத்தில் 'ரீட்ரை ஜாப்' வைத்துவிடுங்கள்.

2024 செப்டம்பரில் 'கப்ஸ் பிரவுஸ்டு' என்ற துணைச் சேவையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பதுதான் அதன் வேலை. நீங்கள் முகவரியால் சேர்த்துவிட்டதால் அது உங்களுக்கு வேண்டியதே இல்லை, அணைத்துவிடலாம். அப்டேட்டையும் போட்டு வையுங்கள்.

வைஃபையா கேபிளா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும்: கேபிள். பிரிண்டர் இடம்விட்டு இடம் போகப்போவதில்லை. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், உங்கள் கடைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். வைஃபையை விட முடியாத நிலை என்றால் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் விட்டால் சேரும்போது தடுமாறும், பெயரைப் பிரித்துவிடுங்கள். அப்புறம் 'ஏபி ஐசொலேஷன்' என்பது இயங்கிக்கொண்டிருந்தால் ஒரே வைஃபையில் இருந்தாலும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, அதை அணைக்க வேண்டும்.

கேபிள் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, நம் கடற்கரையில் கேபிளுக்கும் எதிரி உண்டு. பாம்பனில் கடலைப் பார்த்த ஓர் அறையில் பிரிண்டர் சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒற்றைப் பக்கம் கொடுத்தால் வரும். பத்துப் பக்கம் கொடுத்தால் நாலாவது ஐந்தாவது பக்கத்தில் நின்றுவிடும். பிரிண்டரை மாற்றச் சொல்லி ஏற்கெனவே யாரோ யோசனையும் சொல்லியிருந்தார்கள். சொருகிய இடத்தில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். நாலைந்து பதில் வரும், ஒன்று 'டைம்டு அவுட்', மறுபடி பதில், மறுபடி இரண்டு போகும். கேபிளைக் கழற்றி போன் டார்ச்சில் பிடித்தால், கண்ணாடி மாதிரி தெரியும் அந்தப் பிளாஸ்டிக் தலைக்குள் எட்டுப் பின்களில் ஓரத்து இரண்டின் நுனியில் பச்சை பூத்திருந்தது. சொருகும் துளைக்குள் இருந்த மெல்லிய கம்பிகளிலும் அதே பச்சை. ஜன்னல் வழியாக வந்த உப்புக் காற்று. தலையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தலையை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), துளைக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டுச் சொருகியதும் பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. அதே பிரிண்டர், அதே டிரைவர், பக்கம் பக்கமாக ஓடியது.

ஆகவே மலிவான கேபிள் வாங்காதீர்கள். 'சிசிஏ' என்று விற்பது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. விலை குறைவு, ஆனால் நெட்வொர்க் கேபிளுக்கான தர விதிகளுக்கு ஒத்துவராதது. முலாம் விட்ட இடத்தில் அலுமினியம் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துப்போகும். முழுச் செம்பு கேட்6 கேளுங்கள், தலைக்கு ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். பின்னில் பச்சை பிடித்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் தங்க முலாம் போய்விட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

காகிதத்துக்கும் இதே ஈரம்தான் வினை. கச்சான் காற்று அடிக்கும்போது மணல் தூசி, வாடைக் காலத்தில் ஈரம். தாள்கட்டின் மேலுறை ஈரம் புகாதபடி செய்தது. அதைப் பிரித்து முழுக்கட்டையும் டிரேயில் அடுக்கி இரவு முழுக்க விட்டால், காலையில் தாள் ஓரம் சுருண்டு ஜாம் ஆகும், எழுத்து திட்டுத்திட்டாக வெளுத்து விழும். டோனர் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது என்று நினைத்துச் செலவு பண்ணுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். மீதியை உறையோடு மடித்து மூடிய டப்பாவில் போடுங்கள். பிரிண்டரை வாசலுக்கு நேராக வைக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்திலும் ஒன்று. லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரிலோ சிறிய யூபிஎஸ்ஸிலோ போடக்கூடாது. டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர் சூடேறும் அந்தச் சில விநாடி ஏகப்பட்ட கரண்டை இழுக்கும். யூபிஎஸ் தாங்காமல் மொத்தமாக அணைந்தால் பக்கத்தில் சேமிக்காமல் இருந்த டிசைனும் போய்விடும். பிரிண்டர் நேராக மெயின் லைனில் இருக்கட்டும். யூபிஎஸ்ஸில் சிஸ்டங்களை மட்டும் வையுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். ரவுட்டர் அணையாமல் இருந்தாலே மேலே சொன்ன 169.254 தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

டிடிபி வேலை என்பதால் தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் செய்த கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் இன்னும் கடைகளில் ஓடுகின்றன. திரையில் ஒழுங்காக இருந்து, பிரிண்டரில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறியோ கட்டம் கட்டமாகவோ வந்தால், பிசிஎல் என்ற அச்சு மொழியில் அனுப்பும் டிரைவர் அந்த எழுத்துருவைப் பிரிண்டரில் உள்ள வேறொன்றால் மாற்றிவிட்டிருக்கலாம். டிரைவரின் 'பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்' உள்ளே அட்வான்ஸ்டு பகுதியில் ட்ரூடைப் எழுத்தைப் பிட்மேப்பாக, அதாவது படமாக அனுப்பும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். பிடிஎஃப் என்றால் அக்ரோபேட்டின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' திறந்து 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்தால் போதும். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து உடையாது. பிரிண்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னோர் அச்சு மொழியையும் தாங்கும் மாடல் என்றால் டிசைனுக்கு அந்த டிரைவரையும் இரண்டாவதாகச் சேர்த்து வைக்கலாம். ஒரே முகவரி, இரண்டு பெயர், வேலைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பிரிண்டரில் ஸ்கேனரும் இருந்தால் அடுத்த கேள்வி அதுதான் வரும்: ஸ்கேன் செய்தது நேராகச் சிஸ்டத்தின் ஃபோல்டருக்கு ஏன் போகவில்லை? பழைய மெஷின்கள் எஸ்எம்பி1 என்ற முறையில் ஃபோல்டருக்கு அனுப்பும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் சிஸ்டத்தில் எஸ்எம்பி1 வருவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் 'வானாக்ரை' வைரஸ் அதன் ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' போய் எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். உங்களுடையது புது மெஷின் என்பதால் எஸ்எம்பி2 அல்லது 3 தெரிந்திருக்கும், பிரவுசரில் திறக்கும் பிரிண்டரின் பக்கத்தில் நெட்வொர்க் பகுதியில் அந்தத் தேர்வைப் பாருங்கள். வொர்க்ஸ்டேஷனில் ஸ்கேனுக்கென்று பாஸ்வேர்டோடு தனி யூசர் ஒன்றை உருவாக்கி, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் அவருக்குத் திறந்துவிட்டு, நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று வையுங்கள். அந்த வொர்க்ஸ்டேஷனுக்கும் ரவுட்டரில் ஒரு நிலையான எண் பதிந்துவிடுங்கள், ஏனென்றால் இப்போது தேடி வருவது பிரிண்டர்.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றால், நிற்கிற அந்த நேரத்திலேயே மூன்றைக் குறித்து அனுப்புங்கள் தம்பி: கான்ஃபிகரேஷன் தாளில் உள்ள ஐபி, மூன்று சிஸ்டத்திலிருந்தும் அந்த எண்ணுக்குப் பிங் என்ன சொல்கிறது, போர்ட்ஸ் தாவலில் டிக் எதில் இருக்கிறது. பிரிண்டரை அணைத்துப் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.